என் வீட்டுக்காரர் விரலைப் பிடித்த கும்நான்

எங்கள் சிப்பிக் கொட்டகைக்கு முப்பது வயது ஆகிறது. அதை ஒட்டி ஒரு சின்னப் புத்தகம் போடப் போகிறார்களாம். கொட்டகையில் வேலை பார்க்கிற ஒவ்வொருத்தியும் இன்னொருத்தியைப் பற்றி எழுத வேண்டும். யார் யாரைப் பற்றி என்று சீட்டுக் குலுக்கினார்கள். என் கைக்கு வந்த சீட்டில் தாக் கும்நான் என்று இருந்தது. பக்கத்தில் நின்றவளிடம் மாற்றிக்கொள்கிறாயா என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே தன் சீட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். எனக்கும் கும்நானுக்கும் ஆகாது என்பது தோங்யோங் துறைமுகத்தில் கடற்காக்கைக்குக்கூடத் தெரியும்.

சரி, எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள்மேல் எனக்குப் பொறாமை. சாதாரணப் பொறாமை இல்லை, சோறு இறங்காத பொறாமை. ஐந்து வருஷம் இருந்தது. இப்போதும் அடியோடு போய்விட்டது என்று சொன்னால் அது பொய்.

கும்நான் யோக்ஜித் தீவில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் நெத்திலிப் படகுக்காரன் ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்தாள். எட்டு வருஷம் கழித்து அவன் பூசானில் வேறொருத்தியோடு குடும்பம் நடத்துவது தெரிந்தது. போய்ச் சண்டை போடவில்லை. அவனுடைய துணிமணிகளை ஒரு மீன்பெட்டியில் அடுக்கி, பூசான் பேருந்தில் ஓட்டுநர் பக்கத்தில் வைத்து அனுப்பிவிட்டு வேலைக்கு வந்தாள் என்று சொல்வார்கள். ஒரே மகள். அவளைச் சிப்பி உடைத்தே வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள். மகள் சாங்வோனில் இருக்கிறாள், அதிகம் வருவதில்லை. அம்மா சிகரெட் பிடிப்பது சம்பந்தி வீட்டாருக்குத் தெரிந்துவிடும் என்று பயம்.

வேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை, இதை நான் எழுதித்தான் ஆக வேண்டும். விடிவதற்கு முன் மேசை முன்னால் நிற்க ஆரம்பித்தால், ஒரு நாளைக்கு நான் முப்பது கிலோ சதை எடுப்பேன். அவள் நாற்பத்தைந்து. கத்தி ஓட்டுக்குள் போவதும் தெரியாது, வருவதும் தெரியாது. அதற்காகவே முதலாளி அவளுக்குக் கதவோர இடத்தைக் கொடுத்திருந்தார். அங்கே சாய்வு இறக்கி என்கிற தகரச் சரிவு வழியாகச் சிப்பிக் குவியல் நேராக மேசைக்கு வந்து விழும், குனிய வேண்டாம். பதினான்கு வருஷமாக அந்த இடத்தின்மேல் எனக்கு ஒரு கண்.

அப்புறம் சிகரெட். எங்கள் வயதுப் பெண்கள் சிகரெட் பிடிக்காதவர்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். கழிப்பறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பிடித்துவிட்டு, பற்பசையை வாயில் பிதுக்கி மென்றுகொண்டு வெளியே வருகிறவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். கும்நானுக்கு அந்த ஒளிவு மறைவெல்லாம் கிடையாது. ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால் மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, ரப்பர் பூட்ஸ் காலை நீட்டி, கடலைப் பார்த்துக்கொண்டு பிடிப்பாள். போகிற வருகிற கிழவர்கள் வேண்டுமென்றே கனைப்பார்கள்.

"தொண்டை சரியில்லன்னா ஆஸ்பத்திரிக்குப் போங்கய்யா, முத்திடப் போவுது" என்பாள்.

அந்த வியாதி மட்டும் வராமல் இருந்திருந்தால், என் பாட்டில் நான், அவள் பாட்டில் அவள் என்றே இருந்திருப்போம். இரண்டாயிரத்துப் பன்னிரண்டில், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற அரசுப் பரிசோதனையில், என் வீட்டுக்காரருக்கு வயிற்றில் புற்று என்று தெரிந்தது. அவர் பெயர் சங்தே. படகு இஞ்சின் பழுது பார்க்கிறவர். எங்கள் பிள்ளை பெயரை வைத்து ஊரில் எல்லாருக்கும் அவர் இன்ஹோ அப்பா, நான் இன்ஹோ அம்மா. மார்ச் மாதம் ஜின்ஜு ஆஸ்பத்திரியில் வயிற்றில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துவிட்டார்கள். அதே மாதம் அதே ஆஸ்பத்திரியில் கும்நானின் இடது மார்பை எடுத்தார்கள்.

அதன் பிறகு இரண்டு பேருக்கும் மறுபரிசோதனை ஒரே வியாழக்கிழமையில் வரும். சிப்பிக் காலம் அக்டோபரில் தொடங்கி மே மாதம்வரை ஓடும். அந்த நாட்களில் நான் ஒரு நாள் விடுப்பு எடுத்தால் மேசையில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். "கும்நானும் போறா, துணைக்கு ஆளிருக்கு, நீ வேலையைப் பாரு" என்றார் அவர். நானும் சரி என்றேன். எல்லாவற்றுக்கும் தொடக்கம் நான் சொன்ன அந்தச் சரிதான்.

அவர் ஜின்ஜு போய்விட்டு வந்தால் வாயிலிருந்து முதலில் வருவது அவள் பெயர்.

"ஸ்கேன் மெஷினுக்குள்ள போறப்ப கண்ணை மூடிக்கணுமாம். கும்நான் சொன்னா."

"போன தடவையே நான் சொன்னேனே?"

"நீயா? எப்ப?"

"நீங்க செருப்பு மாட்டறப்ப."

"ம்" என்பார். அந்த 'ம்'மை நான் இரண்டு நாள் மென்றுகொண்டிருப்பேன்.

அவரைப் பார்த்துக்கொண்டது நான். ஒரு நாளைக்கு ஆறு வேளை கஞ்சியும் வேகவைத்த மீனும் கொடுத்தது நான். முப்பது தடவை மெல்லுங்கள் என்று எதிரே உட்கார்ந்து எண்ணியது நான். வயிறு வெட்டியவர்களுக்குச் சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து உடம்பு நடுங்கும், வியர்க்கும், அப்போது ஒரு மிட்டாய் வாயில் போட்டால் அடங்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவருடைய ஒவ்வொரு சட்டைக்கும் உள்பக்கம் ஒரு சின்னப் பை வைத்துத் தைத்தேன். தினமும் காலையில் அதில் எட்டு மிட்டாய். மாலையில் பை காலியாக இருந்தால் எனக்கு ஒரு நிம்மதி.

சிகரெட்டை நிறுத்த வைத்ததும் நான்தான். நாற்பது வருஷப் பழக்கம். அரசு சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். வாரா வாரம் குழாயில் ஊதச் சொன்னார்கள், ஒட்டுகிற பிளாஸ்திரி கொடுத்தார்கள். வீட்டில் என் பங்குக்கு நானும் சொன்னேன்.

"இனிமே உங்க கையில ஒரு சிகரெட்டைப் பாத்தேன்னா, அந்தக் கல்யாணப் போட்டோவுல உங்க மூஞ்சி மேல, செத்தவங்க படத்துக்குக் கட்டற கறுப்பு நாடாவை இப்பவே கட்டிருவேன்."

ஆறு மாதம் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. சுகாதார நிலையத்தில் சான்றிதழும் பரிசாக ஒரு பெரிய பச்சைக் குடையும் கொடுத்தார்கள். குடையின் ஓரத்தில் வட்டமாக 'புகையை வென்றவர்' என்று எழுதியிருந்தது. அந்தக் குடையை நான் வெயிலிலும் பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். சான்றிதழ் டிவிக்கு மேலே தொங்கியது. என்னைப்போல் ஒரு புருஷனைக் காப்பாற்றியவள் யார் என்று ஊரைக் கேட்டுக்கொண்டே திரிந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது சிப்பிக் காலம் தொடங்கியபோதுதான் அவர் தினமும் நாலு மணிக்கு வெளியே போவதைக் கவனித்தேன். முன்பே போய்க்கொண்டிருந்தாரோ என்னவோ. எங்கே என்று கேட்டால், காற்று வாங்க என்பார். திரும்பி வரும்போது புதினா வாசனை அடிக்கும். அறுபத்தோரு வயது ஆளுக்குப் புதினா எதற்கு?

நவம்பரில் ஒரு நாள் தூறிக்கொண்டிருந்தது. அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் ஏப்ரனைக் கழற்றாமலே பின்னால் போனேன். மீன் சந்தையைத் தாண்டி, வலை காயப்போடும் இடத்தைத் தாண்டி, ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால் போனார். சுவரோரம் நின்று எட்டிப் பார்த்தேன். இரண்டு மீன்பெட்டிகள் அருகருகே கிடந்தன. அவற்றின்மேல் அவரும் கும்நானும். இரண்டு பேர் தலைக்கும் மேலே என் பச்சைக் குடை. குடைக்கடியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

சிகரெட்டுக்காக மட்டும் கோபம் வந்திருந்தால் அங்கேயே போய் வாயிலிருந்து பிடுங்கி எறிந்திருப்பேன். அவர் தன் இடது கையை அவள் மடிப்பக்கம் நீட்டியிருந்தார். அவள் அந்தக் கையின் நடுவிரலைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் தலையைக் குனிந்திருந்தார். முப்பத்து மூன்று வருஷத்தில் என் விரலை அவர் அப்படி ஒரு தடவைகூடப் பிடித்ததில்லை. என்னையும் பிடிக்க விட்டதில்லை.

வீட்டுக்கு வந்தேன். மீன் குழம்பில் கையிலிருந்த உப்பையெல்லாம் கொட்டினேன். அவர் வந்து உட்கார்ந்து கடைசிக் கரண்டிவரை சாப்பிட்டார்.

"காத்து நல்லா இருந்துச்சா?" என்றேன்.

"ம், பரவால்ல."

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஊர்ப் பெண்கள் சேர்ந்து குளிக்கிற வெந்நீர்க் குளியல் கூடத்துக்குப் போனேன். நான் போன நேரம், கும்நான் ஏற்கனவே சின்ன முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மார்பு எடுத்த மற்றப் பெண்கள் துண்டைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு மூலையில் குளிப்பார்கள், அல்லது வராமலே இருந்துவிடுவார்கள். இவள் ஆபரேஷன் ஆன மூன்றாவது மாதமே வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்தவள். தழும்பைப் பார்த்துக் குழந்தைகள் முறைத்தால், "என்னடா, கேட்டுப் பாரு, சொல்றேன்" என்பாள்.

"இன்ஹோ அம்மா, முதுகு தேய்ச்சு விடேன். இந்தக் கை மேல தூக்க வரல" என்று பச்சைத் தேய்ப்புத் துணியை நீட்டினாள்.

அம்மணமாக உட்கார்ந்து முதுகைக் கொடுக்கிறவளை மாட்டேன் என்று சொல்ல எங்கள் ஊரில் யாராலும் முடியாது. ஒருத்தி முதுகை நீ தேய், உன் முதுகை அவள் தேய்ப்பாள், அவ்வளவுதான் கணக்கு. துணியை வாங்கித் தேய்த்தேன். தேய்த்தேன் என்றால், படகின் அடியில் ஒட்டிய சிப்பி ஓடுகளைச் சுரண்டுகிற மாதிரித் தேய்த்தேன்.

"தோலை உரிச்சு எடுத்துட்டுப் போகப் போறியா?"

"அழுக்கு ஜாஸ்தி."

"போன வாரம்தானே தேய்ச்சேன்."

"ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால உக்காந்தா புகை படியும்ல, அக்கா."

அவள் மூன்று வயது மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். அன்று அந்த வார்த்தையைத் துப்பினேன்.

"பாத்துட்டியா. பாத்தவ உள்ள வந்திருக்கலாம்ல. குடையில இடம் இருந்துச்சு."

"ரெண்டு பேர் விரலைப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கிற எடத்துல மூணாவது ஆளுக்கு என்ன வேலை?"

கும்நான் முக்காலியோடு திரும்பி என்னைப் பார்த்தாள். இடது பக்கம் தழும்பு, வலது பக்கம் அறுபது வயசு மார்பு. சிரித்துவிட்டாள்.

"இந்த உடம்பை வச்சிட்டு நான் உன் வீட்டுக்காரரை மயக்கறேன்னு நெனச்சியே, அதுக்கு உனக்கு ஒரு சோறு வாங்கித் தரணும்."

"எதுக்கு விரலைப் பிடிச்ச, அதைச் சொல்லு."

"அவர்கிட்டயே கேளு. அது நான் சொல்ற விஷயம் இல்ல."

வாளித் தண்ணீரை அவள் முதுகில் ஊற்றிவிட்டு எழுந்தேன். என் முதுகை அவளுக்குக் கொடுக்கவில்லை.

அவரிடம் கேட்டேனா என்றால், கேட்கவில்லை. ஊரெல்லாம் வாய் கிழியப் பேசுகிறவளுக்கு வீட்டில் அந்த ஒரு கேள்வி வாய்க்குள்ளேயே நின்றது. அவர் ஏதாவது பதில் சொல்லிவிட்டால்? அதனால் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். சட்டைப் பையில் எட்டு மிட்டாய்க்குப் பதில் பன்னிரண்டு வைத்தேன். அவள் விரல் பிடித்தால் நான் மிட்டாய் வைப்பேன், யார் கவனிப்பு பெரிது பார்ப்போம் என்று. அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார், உடம்பு இளைத்தது, இடையிடையே நடுக்கம் என்று படுத்தார். வயிறு வெட்டியவர்களுக்கு அப்படித்தான் என்று நான் எல்லாருக்கும் விளக்கம் சொன்னேன்.

மார்ச் வந்தது. ஆபரேஷன் ஆகி ஐந்து வருஷம். எங்கள் நாட்டில் புற்று வந்தவர்கள் வீட்டில் இந்த ஐந்தாம் வருஷத் தேதியைத்தான் எல்லாரும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பார்கள். அந்தத் தேதியில் ஒன்றுமில்லை என்று டாக்டர் வாயிலிருந்து வந்துவிட்டால் ஆள் பிழைத்தார். அந்த வியாழக்கிழமைக்கு நான் விடுப்பு எடுத்தேன். பேருந்தில் அவர் பக்கத்து இருக்கையில் நான் உட்கார்ந்தேன். கும்நான் ஏறியதும் எங்களைப் பார்த்துவிட்டுக் கடைசி வரிசைக்குப் போனாள். ஜின்ஜு போய்ச் சேரும்வரை எனக்கு அந்த இருக்கை சிம்மாசனமாக இருந்தது.

டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். படங்களைத் திருப்பிப் பார்த்தார்.

"அஞ்சு வருஷம் நல்லபடியா முடிஞ்சிருக்கு. புற்று திரும்பி வந்ததுக்கு எந்த அறிகுறியும் இல்ல" என்றார்.

நான் எழுந்து இடுப்பு வளைய மூன்று தடவை வணங்கினேன். டாக்டர், "இன்னொரு விஷயம் பேசணும், உக்காருங்கம்மா" என்றார்.

"அவர்கிட்ட சொல்லுங்க டாக்டர், எனக்கு ஒரு அவசர போன் இருக்கு" என்று வெளியே ஓடினேன்.

அவசரம் என்னவென்றால், அரிசிப் பலகாரக் கடை மதியத்தோடு மறுநாள் ஆர்டரை மூடிவிடும். நல்ல சேதி வந்தால், சிவப்புப் பயறு தூவி ஆவியில் வேகவைத்த அரிசிப் பலகாரத்தைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பது எங்கள் வழக்கம். கொட்டகைக்கு மூன்று தட்டு, தெருவுக்கு இரண்டு தட்டு என்று சொல்லிவிட்டு, நாத்தனாருக்குப் போன் செய்து, இன்ஹோவுக்குப் போன் செய்து முடித்தபோது இருபது நிமிஷம் ஆகியிருந்தது. அவர் அப்போதுதான் வெளியே வந்தார்.

"எதுக்கு இவ்வளவு நேரம்?"

"மருந்துச் சீட்டு எழுதினாங்க."

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. போனில் இன்னும் இரண்டு பேர் பாக்கி இருந்தார்கள்.

மறுநாள் பத்து மணி இடைவேளைக்குப் பலகாரத் தட்டுகள் ஆவி பறக்க வந்து இறங்கின. சாய்வு இறக்கியில் ஏதோ மாட்டிக்கொண்டது என்று முதலாளி அவரையும் வரச் சொல்லியிருந்தார். எனக்கு அதுவும் நல்லதாகப் போயிற்று. இருபத்திரண்டு பெண்கள் கையுறையைக் கழற்றிவிட்டுச் சுற்றி நின்றார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். முதல் துண்டை எடுத்து, ஊதி, எல்லார் முன்னாலும் அவர் வாய்க்குக் கொண்டு போனேன். அவர் ஒரு அடி பின்னால் போனார். நான் ஒரு அடி முன்னால் போனேன்.

அப்போது ஈரக் கையுறை போட்ட ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. துண்டு கீழே ஓட்டுக் குவியலில் விழுந்தது.

"இதை அவருக்குக் குடுக்காத" என்றாள் கும்நான்.

"என் வீட்டுக்காரருக்கு நான் ஊட்டறேன். உனக்கு எங்க வலிக்குது?"

"அவருக்குச் சர்க்கரை இருநூத்திப் பதினெட்டு. நேத்து, வெறும் வயித்துல. டாக்டர் உன்னை உக்காரச் சொன்னது அதுக்குத்தான்."

அவர் தன் ரப்பர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். பொய் என்று அவர் சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

அந்த நேரத்தில் என் மனதில் வந்ததை மறைக்காமல் எழுதுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. அவர் உயிருக்கு என்ன ஆகுமோ என்று நான் நினைக்கவில்லை. என் வீட்டுக்காரர் உடம்பில் ஓடுகிற எண் அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. இருபத்திரண்டு பேர் முன்னால் அதை அவள் சொல்கிறாள், நான் பலகாரத் தட்டோடு நிற்கிறேன். அதுதான் சுட்டது.

கும்நான் என்னைக் கையோடு இழுத்துக்கொண்டு ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால் போனாள். இரண்டு மீன்பெட்டிகளும் அப்படியே கிடந்தன. நான் உட்காரவில்லை.

"எவ்வளவு நாளா?"

"செப்டம்பர்லேருந்து. எனக்கு மூணு வருஷமா சர்க்கரை, பையில மெஷின் வச்சிருப்பேன். ஒரு நாள் இங்க உக்காந்தப்ப அவருக்கு நடுக்கம் வந்துச்சு. உன் மிட்டாயை எடுத்தாரு. இருங்க, மொதல்ல விரலைக் குடுங்கன்னேன். குத்திப் பாத்தா முந்நூறுக்கு மேல. அது வயித்து நடுக்கமே இல்ல. சர்க்கரைக்கு மேல சர்க்கரையா தின்னுட்டு இருந்திருக்காரு மனுஷன், வயிறுதான் காரணம்னு நெனச்சிட்டு."

"பை தினமும் காலியா இருக்குமே?"

"இந்தக் கடல்ல போட்டுட்டுப் போவாரு. நீ எண்ணிப் பாப்பேன்னு."

பன்னிரண்டு மிட்டாய். தினமும் காலையில் என் கையால் எண்ணி வைத்தது.

"மாத்திரை எடுக்கறாரா?"

"நேத்து எழுதிக் குடுத்தது டூல் பெட்டியில இருக்கு, ஸ்பானருக்கு அடியில. ஆனா புகையை விடல. புற்று வந்து பொழச்ச உடம்புல புகையும் சேந்தா சர்க்கரை சீக்கிரம் ஒட்டிக்கும்னு டாக்டர் ரெண்டு பேருக்கும்தான் சொன்னாரு. எனக்குச் சொன்னப்ப நான் காதுல வாங்கல. வாங்கியிருந்தா இவரையாவது தடுத்திருப்பேன்."

"அந்த மொத சிகரெட்டை யாரு குடுத்தா?"

எனக்குப் பதில் தெரியும். அவள் வாயால் கேட்க வேண்டும் என்று இருந்தது.

"நான்தான். ரெண்டாவது வருஷம், ஜின்ஜு பஸ் ஸ்டாப்புல. ஸ்கேன் முடிவுக்குக் காத்திட்டு இருந்தோம், அவருக்கு இருப்பே கொள்ளல. ஒண்ணு கேட்டாரு, மாட்டேன்னேன். மறுபடி கேட்டாரு, மாட்டேன்னேன். மூணாவது தடவை குடுத்துட்டேன். அதனாலதான் விரலைப் பிடிச்சிட்டு உக்காந்தேன், இன்ஹோ அம்மா. வேற எந்த எழவும் இல்ல."

அவளை அடித்திருப்பேன். அவள் முகத்தைப் பார்த்தால் அடி வாங்கத்தான் நிற்கிறாள் என்று தெரிந்தது, அதனால் கை எழவில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல அவரு?"

"சொன்னா என்ன பண்ணியிருப்ப?"

"கத்தியிருப்பேன்."

"அப்புறம்?"

"அழுதிருப்பேன். அப்புறம் இன்னும் கத்தியிருப்பேன்."

"அந்தாளு உங்கிட்டப் பொழச்சவராவே இருக்கணும்னு பாத்தாரு. நீ தெருவெல்லாம் அந்தக் குடையைப் பிடிச்சிட்டுப் போற. அதுக்கடியில நோயாளியா வந்து நிக்க அவருக்கு எடம் இல்ல."

இதை அவள் திட்டுகிற குரலில் சொல்லவில்லை. திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். அவள் எழுந்து, அவர் உட்காருகிற மீன்பெட்டியைக் காலால் தள்ளிக்கொண்டே போய்த் தண்ணீரில் போட்டாள். அது கொஞ்சம் மிதந்து பிறகு சாய்ந்தது.

"இனிமே இங்க ஒரு பெட்டிதான். அவரு வந்தா நான் எழுந்து போயிடுவேன்" என்றாள்.

சொன்னபடியே செய்தாள். அடுத்த வாரம் அவர் நாலு மணிக்குப் போனபோது, இவரைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டிருந்ததை அணைத்துவிட்டு எழுந்து நடந்துவிட்டாளாம். மூன்று நாள் அப்படி. நாலாவது நாள் அவர் தானே சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பெயர் எழுதினார். நாலு மணி ஆனால் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஐஸ் ஃபேக்டரிப் பக்கமே பார்ப்பார். அவள் விட்டுக்கொடுத்ததால் எனக்குத் திரும்பக் கிடைத்த புருஷன் இவர் என்று நினைக்கும்போது, நன்றி வருவதற்கு முன்னால் எரிச்சல் வந்தது.

புது மெஷின் வாங்கினேன். முதல் நாள் குத்தியபோது அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"கும்நான் ஓரத்துல குத்துவா. நடுவுல குத்தினா வலிக்குது."

மெஷினைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். விடிந்ததும் கொட்டகையில் அவள் மேசைக்குப் போய், யாருக்கும் கேட்காமல், எப்படிக் குத்துவது என்று கேட்டேன். கையை வெந்நீரில் கழுவிவிட்டு, கொஞ்சம் நீவிவிட்டுக் குத்து என்று சிப்பியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். உனக்கு யார் குத்துகிறார்கள் என்று கேட்டேன். சிப்பி உடைத்துத் தடித்துப்போன அவள் விரலில் ஊசி இறங்குவது கஷ்டம், அதனால் அவர்தான் அவளுக்குக் குத்திக்கொண்டிருந்தாராம். இப்போது காது மடலில் குத்திக்கொள்கிறேன் என்றாள்.

கும்நான் இன்னும் சிகரெட்டை விடவில்லை. நாளுக்கு ஒரு பாக்கெட் என்றிருந்தது நாலு சிகரெட்டாகக் குறைந்திருக்கிறது. போன குளிர்காலத்தில் வலது காலில் ஒரு புண் வந்து, ஆற மூன்று மாதம் ஆயிற்று. ஒரு கால் மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டே நாற்பது கிலோ எடுத்தாள். இவளை நல்லவள் என்று எழுதுவதா, என் வீட்டைக் கெடுத்தவள் என்று எழுதுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இரண்டையும் எழுதியிருக்கிறேன். அச்சிடுகிறவர்கள் எதை வேண்டுமானாலும் வெட்டட்டும்.

ஆனால் இதை மட்டும் வெட்ட வேண்டாம். பலகாரம் கீழே விழுந்த அந்த வருஷம் மே மாதம், சிப்பிக் காலத்தின் கடைசி வாரம். நான் அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு வெங்காயத் தாள் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"இன்னிக்கு ஒண்ணு பிடிச்சிட்டேன்."

ஐந்து வருஷத்துக் கத்தல் எல்லாம் ஒன்றாகத் திரண்டு என் தொண்டைக்கு வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. தானே வந்து என்னிடம் சொல்கிறார், முதல் தடவையாக என்னிடம். எனக்கு மனசு குளிர்ந்தது.

"பிடிச்சதும் கும்நான்கிட்டப் போனேன்" என்றார் அவர். "சொல்லலாம்னு. ரெண்டு காதையும் பொத்திக்கிட்டா. எனக்கு வேணாம், வீட்ல போய்ச் சொல்லுங்கன்னா."

ஆக, என்னிடம் வந்தது அவள் அனுப்பித்தான். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று கொட்டகையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். கத்தி என் கையில் இருந்தது, கத்தலும் வாயில் இருந்தது. அவர் வாங்கிக்கொள்ளத் தயாராகத் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார். நான் கத்தினால் அடுத்த தடவை இவர் போவதற்கு இடமே இல்லை. அவளும் காதைப் பொத்திக்கொண்டாள்.

கத்தியைக் கீழே வைத்தேன்.

"ஏன் பிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

இத்தனை வருஷத்தில் நான் அவரிடம் இதைக் கேட்டதே இல்லை. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு செருப்போடு வாசற்படியிலேயே உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பயமா இருக்கு" என்று ஆரம்பித்தார். ரொம்ப நேரம் பேசினார். அடுப்பில் குழம்பு வற்றித் தீய்ந்த வாசனை வந்தது. நான் எழுந்து போகவில்லை.